நீரிணையின் வடகரை: 1970-களில் ஜொகூர் பாருவின் இசையும் பண்பாட்டு வாழ்வும்

ஒரு நகரத்தின் இசை வரலாற்றை அங்கே வெளிவந்த இசைத்தட்டுகள், அங்கே இயங்கிய ஒலிப்பதிவுக் கூடங்கள், அங்கே நடந்த பெருங்கச்சேரிகள் ஆகியவற்றைக் கொண்டு எழுதுவதே வழக்கமாக இருந்து வருகிறது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடியில் உள்ள ஜொகூர் பாருவுக்கு 1970-களின் வரலாற்றில் ஓரிரு பத்திகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. பதிவு நிறுவனங்கள் சிங்கப்பூரிலும், தேசிய வானொலியும் தொலைக்காட்சியும் கோலாலம்பூரிலும் இருந்தமையால், இடைப்பட்ட இந்நகரம் இரண்டிடத்து இசையையும் வாங்கிக் கேட்ட ஊராக மட்டுமே கருதப்பட்டது. ஆனால் கேட்டவர்களையும் ஆடியவர்களையும், கோயில் வாசலிலும் மணவீட்டுப் பந்தலிலும் வாசித்தவர்களையும் கணக்கில் கொள்ளும்போது, அந்தப் பத்தாண்டில் மலாய், சீன, தமிழ் இசை மரபுகள் இவ்வளவு நெருக்கமாக அடுத்தடுத்து வாழ்ந்த ஊர்கள் மலேசியாவில் மிகச் சிலவே என்பது புலப்படும். அம்மரபுகள் ஒன்றையொன்று எங்கே தொட்டன, எங்கே தொடாமல் விலகி நின்றன, அரசின் கொள்கையும் பொருளாதார மாற்றமும் அவற்றை எவ்வாறு திருப்பின என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1970-ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவின் மக்கள்தொகை ஏறத்தாழ 136,000. எதிர்க்கரையில் இருந்த சிங்கப்பூரிலோ 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். இரு கரைகளையும் இணைத்தது 1924-இல் முறையாகத் திறந்துவைக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டரைச் சற்றே கடந்த நீளமுள்ள கடற்பாலம். தண்ணீர்க் குழாயும் இருப்புப்பாதையும் சாலையும் ஒருசேரச் செல்லும் அந்தப் பாலத்தின் வழியே நெடுங்காலம் மக்கள் தடையின்றிப் போய்வந்தனர். ஜொகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூரில் பாடுவதும், சிங்கப்பூரில் படம் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்புவதும் இயல்பான வாழ்க்கையாக இருந்தன. 1965 ஆகஸ்டு 9 அன்று சிங்கப்பூர் தனிநாடானது இதை உடனே மாற்றவில்லை. 1967-இல் இரு கரைகளிலும் குடிநுழைவுச் சோதனை தொடங்கியது. 1973-இல் இரு நாட்டு நாணயங்களும் சரிக்குச் சரியாக மாறிவந்த நிலையும் முடிவுக்கு வந்தது. ஆகவே 1970-கள் என்பவை ஒரே பண்பாட்டு வட்டாரமாக இருந்த ஒரு பகுதி, சட்டத்தாலும் பணத்தாலும் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்த காலம் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இக்காலத்தின் இசை நிகழ்வுகள் பலவும் இப்பிரிவோடு நெருங்கிய தொடர்புடையவை.

ஜொகூரின் இசை என்றவுடன் மலாய் அறிஞர்கள் முதலில் குறிப்பிடுவது கஸல். பாரசீகத்திலும் உருதுவிலும் ஈரடிக் கண்ணிகளால் அமைந்த காதற்கவிதை வடிவமாகிய கஸல், இந்தியாவில் இசையோடு பாடப்படும் வகையாக வளர்ந்து, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து கடல் கடந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் வாயிலாகவும், ரியாவ்–லிங்கா அரச குடும்பத்தாரின் இசை ஆர்வத்தின் வாயிலாகவும் மலாய் உலகில் வேரூன்றியது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஜொகூரின் முதல் மந்திரி பெசாரும், அதாவது மாநிலத்தின் முதலமைச்சரும், 1919-இல் மறைந்தவருமான டத்தோ ஜாஃபார் ஹாஜி முகமதுவின் இல்லத்தில் நடந்த இசைக் கூட்டங்கள் இம்மரபை வளர்த்தன என்று மலாய் இசை வரலாற்றில் கூறப்படுகிறது. அவருடைய மகனே அம்னோ கட்சியை நிறுவிய ஓன் ஜாஃபார். டத்தோ ஜாஃபாரின் பெயரனே 1976-இல் மலேசியாவின் மூன்றாவது பிரதமரான ஜொகூர் பாருக்காரர் உசேன் ஓன். கஸல் இம்மாநிலத்தின் ஆளும் குடும்பங்களோடு எவ்வளவு நெருக்கமாக வளர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தியக் கஸலுக்கும் ஜொகூர்க் கஸலுக்கும் இடையிலான வேறுபாடு நுட்பமாக நோக்கத் தக்கது. ஆர்மோனியமும் தபேலாவும் அப்படியே நிலைத்தன. சாரங்கியின் இடத்தை வயலினும், சித்தாரின் இடத்தை காம்பூஸும் பிடித்தன. காம்பூஸ் என்பது அரபு நாட்டு ஊத் என்னும் கருவியின் வழிவந்த, பேரிக்காய் வடிவுள்ள நரம்புக் கருவி; ஹட்ராமௌத் பகுதியிலிருந்து குடியேறிய அராபியரோடு அது இங்கு வந்தது. பின்னர் கிதாரும், விதைகள் நிரப்பிய கிலுகிலுப்பையான மரக்காஸும் சேர்ந்தன. இம்மாற்றங்களைச் செய்து ஜொகூர்க் கஸலுக்கு இன்றைய உருவைத் தந்தவர் என்று பாக் லோமாக் எனப் புகழ்பெற்ற ஹாஜி மூசா யூசோஃப் போற்றப்படுகிறார். பாடலின் சொல்லும் மாறியது: உருதுக் கண்ணிகள் போய், நான்கடி கொண்ட மலாய் நாட்டார் பாவாகிய பந்துன் அந்த இடத்தில் அமர்ந்தது. தாளம் தளர்ந்து, குரலில் நெளிவு கூடி, கேட்போர் தரையில் அமர்ந்து நள்ளிரவு வரை செவிகொடுக்கும் இசையாக அது ஆயிற்று. இந்திய, அராபிய, ஐரோப்பியக் கருவிகள் ஒரே பாயில் அமர்ந்து மலாய்ப் பாவை இசைத்த இந்த ஏற்பாட்டை வெறும் கலப்பு என்று சொல்வது போதாது; இரவல் வாங்கியவற்றைத் தனக்கே உரியதாக்கிக்கொண்ட ஒரு முழுமையான இசைவடிவம் என்று சொல்வதே பொருந்தும்.

இவ்விடத்தில் ஆர்மோனியத்தின் கதை தனியே எண்ணிப் பார்க்கத் தக்கது. அயல்நாட்டுக் கருவி, நுண்சுருதிகளை எழுப்ப இயலாதது என்று காரணம் கூறி, அகில இந்திய வானொலி 1940-இல் தன் நிகழ்ச்சிகளிலிருந்து ஆர்மோனியத்தை விலக்கியது. அத்தடை 1971-இல்தான் தளர்த்தப்பட்டது. இந்தியா அக்கருவியை அயலானாக நடத்திய அந்த முப்பதாண்டுகளிலும் ஜொகூரின் கஸல் குழுக்களில் குழுவை நடத்திச் செல்லும் கருவியாக ஆர்மோனியமே விளங்கிற்று. எந்தக் கருவி எந்த மண்ணுக்கு உரியது என்பதைப் பிறப்பிடம் தீர்மானிப்பதில்லை, பயன்பாடே தீர்மானிக்கிறது என்பதற்கு இசை வரலாற்றில் இதற்கு ஒப்பான சான்று அரிது.

1970-களில் கஸலுக்கு ஒரு புதிய நிலை வாய்த்தது. 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பின், தேசிய ஒருமைப்பாட்டுக்குப் பண்பாடு அடித்தளமாக வேண்டும் என்ற நோக்கில் 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. இவ்வட்டாரத்தின் பூர்வகுடிப் பண்பாட்டை அடிப்படையாகக் கொள்வது, பிற பண்பாடுகளின் பொருத்தமான கூறுகளை ஏற்பது, இஸ்லாம் முக்கியக் கூறாக அமைவது என்னும் மூன்று கோட்பாடுகள் அங்கிருந்து உருவாயின. இக்கோட்பாடுகளின் வெளிச்சத்தில், அதுவரை பிரபுக்களின் இல்லங்களிலும் கிராமத்து மணவிழாக்களிலும் வாழ்ந்த கஸலும் சாப்பின் என்னும் நடனமும் அரசு விழா மேடைகளுக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஏறின. காம்பூஸ் மன்னர் என்று பாராட்டப்பட்ட ஃபாட்சில் அகமது, கஸல் அரசி எனப் பெயர்பெற்ற ரோசியா சிக் ஆகியோரின் புகழ் மாநில எல்லையைக் கடந்து நாடெங்கும் பரவியதற்கு ஒலிபரப்பே காரணம். அரசின் ஆதரவு கஸலை அழியாமல் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே ஆதரவு, நேரக் கட்டுப்பாடின்றிப் பாடப்பட்ட ஓர் இசையை ஒலிபரப்பின் சில நிமிடங்களுக்குள் அடக்கியது. அதன் இந்திய வேர் பற்றிய பேச்சு நூல்களின் முன்னுரைகளில் ஒரு வரியாகச் சுருங்கவும் வழிசெய்தது. கொள்கை ஒரு கலையைத் தூக்கிப் பிடிக்கும்போதே அதன் வரலாற்றைக் குறுக்கிவிடவும் கூடும் என்பதை ஜொகூரின் அனுபவத்தில் காணலாம்.

கஸலை அடுத்து நகரத்தைச் சூழ்ந்த மாவட்டங்களின் கலைகளையும் சுருக்கமாகவேனும் குறிப்பிட வேண்டும். சாப்பின் என்பது ஹட்ராமௌத் அராபியரிடமிருந்து வந்து மலாய் நடனமாக மாறிய ஆட்டம். காம்பூஸும், மர்வாஸ் எனப்படும் சிறிய இருமுகப் பறையும் அதற்கு இசை தரும். மூவார், பத்து பகாட், பொந்தியான், மெர்சிங் எனப் பகுதிக்கொரு சாப்பின் இருந்தது. காலடி வைப்பிலும் திரும்புமுறையிலும் அவை வேறுபட்டன. அதே மாவட்டங்களில் ஹம்டோலோக் என்னும் பாட்டும் நகைச்சுவையும் கலந்த நாடகமும், ஜாவாவிலிருந்து குடியேறியோர் கொண்டுவந்த கூடா கேப்பாங் என்னும் பொய்க்கால் குதிரையை ஒத்த ஆட்டமும் நிலவின. கூடா கேப்பாங் ஆடுவோர் தாளத்தின் உச்சத்தில் தன்னிலை மறந்து ஆடுவர். கோயில் திருவிழாவில் அருள்வந்து ஆடுவோரைக் கண்டு வளர்ந்த தோட்டத்துத் தமிழர்க்கு இது அந்நியமாகத் தோன்றியிராது. சமயத் தூய்மையை வலியுறுத்தும் குரல்கள் 1970-களின் இறுதியில் வலுப்பெற்றபோது, இவ்வகை ஆட்டங்கள் கண்டனத்துக்கு உள்ளாயின.

எதிர்க்கரையில் அதே பத்தாண்டு ஒரு சரிவோடு தொடங்கியது. 1960-களில் சிங்கப்பூர், மலாய்த் திரைப்படத்துக்கும் மலாய் மெல்லிசைக்கும் தலைநகராக இருந்தது. மின்கிதார் இசைக் குழுக்களை மலாயில் கூகிரான் என்பர். பீட்டில்ஸ் குழுவின் தாக்கத்தில் அவை வளர்த்த பாப் யே யே என்னும் துள்ளலிசை நீரிணையின் இரு கரைகளையும் ஆட்கொண்டிருந்தது. ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்புக் கூடம் 1967-இல் மூடப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் கேத்தே–கெரிஸ் நிறுவனமும் படத் தயாரிப்பைக் கைவிட்டது. 1971-இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது, படைவீரர் விடுதிகளில் வாசித்துப் பிழைத்த குழுக்கள் வருவாயை இழந்தன. போதைப்பழக்கத்துக்கும் நீள்முடிக்கும் எதிரான அரசின் இயக்கம் மேற்கத்திய இசையையே ஐயத்தோடு பார்க்க வைத்தது. 1972-இல் லெட் செப்பலின் குழுவினர், நீள்முடி காரணமாகச் சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்த இயலாமல் திரும்பியது இதன் உலகறிந்த எடுத்துக்காட்டு. 1964-இலேயே கோலாலம்பூருக்குச் சென்றுவிட்ட மலாய்த் திரைப்பட நடிகரும் பாடகருமான பி. ரம்லி, அங்கே பழைய வெற்றியைக் காணாமல் 1973 மே 29 அன்று மறைந்தார். மலாய் இசையின் மையம் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அந்நகர்வின் வாயிலாக அமைந்தது ஜொகூர் பாரு.

இந்நிலையை ஒரே வாழ்க்கையில் காட்டுபவர் பாடகி ஷரிஃபா அய்னி. 1953-இல் ஜொகூர் பாருவில் பிறந்து கம்போங் மஜிடியில் வளர்ந்த அவர், 1968-இல் சிங்கப்பூர் வானொலி–தொலைக்காட்சி நடத்திய பிந்தாங் ஆர்.டி.எஸ். பாட்டுப் போட்டியில் வென்று, அந்நகரின் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பாடத் தொடங்கி, 1970-களில் மலேசியாவின் முன்னணிப் பாடகியானார். அவரை வளர்த்த ஊர் ஒரு நாட்டில், வெளிக்கொணர்ந்த மேடை இன்னொரு நாட்டில், பெரும்புகழ் தந்த இரசிகர் கூட்டம் கோலாலம்பூரை மையமாகக் கொண்ட மலேசியாவில். ஜொகூர் பாரு திறமையைப் பிறப்பித்தது, ஆனால் அதை நிலைநிறுத்தும் நிறுவனம் எதையும் பெற்றிருக்கவில்லை என்பதே அக்காலத்து இசை நிலையின் சாரம்.

நகர மக்கள் இசையைப் பெற்ற வழிகளையும் நோக்க வேண்டும். வானொலி மலேசியாவோடு சிங்கப்பூர் வானொலியும் ஜொகூர் பாருவில் தெளிவாகக் கேட்டது. தொலைக்காட்சியிலும் அவ்வாறே: சிங்கப்பூரின் 5-ஆம் அலைவரிசை மலாய், ஆங்கில நிகழ்ச்சிகளையும், 8-ஆம் அலைவரிசை சீன, தமிழ் நிகழ்ச்சிகளையும் தந்தன. சிங்கப்பூரில் 1974-இலேயே வண்ண ஒளிபரப்பு தொடங்கியிருக்க, மலேசியாவில் அது 1978-இல்தான் வந்தது. கூரைமேல் தெற்கு நோக்கித் திருப்பிய உயர்ந்த அலைவாங்கிகள் அன்றைய ஜொகூர் பாரு வீடுகளின் அடையாளமாயின. பத்தாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஒலிநாடா பரவியது. சிங்கப்பூரில் படியெடுப்புரிமைச் சட்டம் இறுக்கப்பட்டது 1987-இல்தான் என்பதால், அதற்கு முன் எல்லா மொழிப் பாடல்களும் அங்கே மலிவான ஒலிநாடாக்களாகப் பதியப்பட்டு, சிராங்கூன் சாலைக் கடைகளிலிருந்து பாலம் கடந்து வந்தன. படைப்பாளிக்கு இழப்பு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இசைத்தட்டு வாங்க வசதியற்ற தொழிலாளர் குடும்பங்கள் தாம் விரும்பிய பாட்டைத் தாமே தேர்ந்து கேட்கத் தொடங்கியது அந்த ஒலிநாடாவால்தான்.

நகரின் சீன மக்களின் இசை வாழ்வு கோயிலையும் குலமொழிச் சங்கங்களையும் சார்ந்திருந்தது. ஜாலான் துருஸில் உள்ள பழைய சீனக் கோயிலிலிருந்து, தியோச்சியூ, ஹொக்கியன், கேண்டனீஸ், ஹக்கா, ஹைனான் ஆகிய ஐந்து மொழிக் குழுவினரும் தத்தம் தெய்வத்தைச் சுமந்து, தத்தம் இசையோடு வலம்வரும் சிங்கே ஊர்வலம் சீனப் புத்தாண்டு மாதத்தில் ஆண்டுதோறும் நடந்து வருகிறது. கொள்கை வெளிச்சம் தங்கள்மீது படாத அக்காலத்தில் சீனச் சங்கங்கள் தம் பள்ளிகளையும் இசைக் குழுக்களையும் சொந்தப் பணத்தில் நடத்தின. அந்த அமைப்பு வலிமையிலிருந்தே, 1988-இல் இருபத்து நான்கு பருவ முரசு என்னும் புதிய முரசிசை வடிவம் இந்நகரில் பிறந்து உலகச் சீனர்களிடையே பரவ முடிந்தது.

தமிழர் இசை வாழ்வை ஆராயும்போது நகரத்தையும் தோட்டத்தையும் பிரித்துப் பார்க்க இயலாது. ஜொகூர் மாநில மக்களில் இந்தியர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் கூலாய், லயாங்-லயாங், ரெங்கம், குளுவாங், லாபிஸ், சிகாமாட் வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்தனர். நகரத்தில் இருந்தோர் இரயில்வே, பொதுப்பணி, நகராட்சி ஊழியர்களும் கடைக்காரர்களும் ஆவர்; ஜாலான் உங்கு புவானில் உள்ள அருள்மிகு இராஜமாரியம்மன் தேவஸ்தானமும், சுல்தான் வழங்கிய நிலத்தில் 1922-இல் சிறு குடிலாகத் தொடங்கிய இராஜகாளியம்மன் ஆலயமும் அவர்களுடைய பொதுவாழ்வின் நடுவிடங்களாக விளங்கின. மாரியம்மன் கோயில், சீக்கியக் குருத்துவாரா, பழைய சீனக் கோயில் மூன்றும் நடந்து கடக்கும் தொலைவுக்குள் அமைந்திருப்பதால், நாகசுரமும் கீர்த்தனும் சீனத் தாளமும் ஒரே வட்டாரத்தின் காற்றில் ஒலித்தன.

தோட்டத்தில் இசை என்பது ஆண்டின் சுழற்சியோடு இணைந்தது. மாரியம்மன் திருவிழாவே பெருநிகழ்வு. பறையும் உருமியும் முழங்க, கரகமும் காவடியும் எழ, மூன்று நாளும் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் வாழ்க்கை வேறோர் ஒழுங்கில் இயங்கும். வெளியூரிலிருந்து நாகசுரக் குழுவை அழைப்பது தோட்டத்தின் மதிப்பைக் காட்டும் செயல். கங்காணி, கிராணியார் வீட்டு நன்கொடையும் தொழிலாளரின் மாதச் சந்தாவும் சேர்ந்தே அதற்கு வழிசெய்தன. இரவில் கூத்தோ, தோட்டத்து இளைஞர் நடித்த சமூக நாடகமோ, திடலில் வெண்திரை கட்டிக் காட்டிய திரைப்படமோ நடைபெறும். அந்நாடகங்களில் திராவிட இயக்கத்தின் அடுக்குமொழி வசனமும் சீர்திருத்தக் கருத்தும் ஓங்கியிருந்தன. தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952 முதல் முன்னின்று நடத்திய தமிழர் திருநாள், சிங்கப்பூரிலும் தீபகற்பத்தின் பல ஊர்களிலும் பாட்டு, பேச்சு, நாடகப் போட்டிகளை வழக்கமாக்கியது; 1974-இல் அவர் மறைந்த பின் அவ்விழாவின் பழைய வேகம் குறைந்தது.

கேட்கப்பட்ட இசையில் திரைப்பாடலே முதலிடம் பெற்றது. பத்தாண்டின் முற்பாதியில் எம்.எஸ். விசுவநாதனின் இசையும் டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா குரல்களும் கோலோச்சின. 1976-இல் வெளியான அன்னக்கிளியோடு இளையராஜாவின் காலம் தொடங்கியது. தமிழ்நாட்டுச் சிற்றூரின் ஓசைகளைத் திரைக்குள் கொண்டுவந்த அந்த இசை, அச்சிற்றூர்களை நேரில் கண்டறியாத மூன்றாம் தலைமுறைத் தோட்டத்து இளைஞர்க்குப் பாட்டனாரின் ஊரைப் பற்றிய ஒரு கற்பனையைத் தந்தது என்று கருத இடமுண்டு. பக்திப் பாடல்களில் எல்.ஆர். ஈசுவரியின் அம்மன் பாடல்கள் கோயில் ஒலிபெருக்கிகளில் நீங்கா இடம்பெற்றன. தமிழ் முசுலிம்களிடையே மட்டுமின்றி எல்லாத் தமிழரிடையேயும் நாகூர் இ.எம். ஹனீபாவின் குரல் ஒலித்தது. இத்திரைப்பாடல்களை மேடையில் அப்படியே வாசித்துக் காட்டும் மெல்லிசைக் குழுக்கள் மணவிழாக்களிலும் தீபாவளிக் கலைநிகழ்ச்சிகளிலும் தழைத்தன. அக்கோடியனும் பாங்கோவும் மின்கிதாரும் கொண்ட இக்குழுக்களைப் போலிப் பாடகர் கூட்டம் என்று ஒதுக்குவது நேர்மையான மதிப்பீடு ஆகாது. இசைத்தட்டை மட்டும் கேட்டு, இசைக்குறிப்பு எதுவும் இன்றி, முழு வாத்தியக் கோப்பையும் ஐந்தாறு கருவிகளுக்கு மாற்றியமைத்தது பயிற்சியும் கேள்வி ஞானமும் வேண்டும் வேலை.

இந்த வாழ்வை 1970-களில் மூன்று மாற்றங்கள் உலுக்கின. முதலாவது, 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற்றாக வேண்டும் என்ற விதி. அதன் விளைவாக ஏறத்தாழ 60,000 இந்தியர் மலேசியாவை விட்டு இந்தியா திரும்பினர் எனக் கணக்கிடப்படுகிறது. அவர்களில் முதியோர் பலர் என்பதையும், தமிழ்நாட்டிலேயே கூத்தும் பறையும் பயின்று வந்த தலைமுறை அதுவே என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கலை மரபுக்கு நேர்ந்த இழப்பின் அளவை ஊகிக்கலாம். இரண்டாவது, பால்மரம் அழிந்து செம்பனை பெருகியது. அதோடு, 1972-இல் ஜொகூர் தென்கிழக்கு மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டதும் நிலத்தின் முகமே மாறியது. மூன்றாவது, 1977-இல் பாசீர் கூடாங் துறைமுகம் திறக்கப்பட்டதும், சிங்கப்பூர்த் தொழிற்சாலைகள் ஆட்களை ஈர்த்ததும். தோட்டத்து இளைஞர் தம்போய், மாசாய், ஸ்கூடாய் பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். திருவிழாவுக்கு மட்டும் தோட்டத்துக்குத் திரும்பினர். ஆண்டு முழுதும் ஒன்றாக வாழ்ந்த ஒரு சமூகத்தின் கலை, ஆண்டில் மூன்று நாள் கூடும் கூட்டத்தின் கலையாகச் சுருங்கியது. பிற்காலத்தில் மலேசிய இந்திய இளைஞரிடையே பேரெழுச்சி பெற்ற உருமி மேளக் குழுக்கள், வேரறுந்த அவர்கள் அந்தப் பழைய முழக்கத்தை நகர்ப்புறக் குடியிருப்பில் மீண்டும் கட்டியெழுப்பியதன் விளைவே. அவற்றை ஒழுங்கின்மையின் ஓசையாக மட்டும் கேட்போர் இந்த இடப்பெயர்வை மறந்துவிடுகின்றனர்.

செவ்வியல் இசையும் பரதநாட்டியமும் இக்காலத்தில் நீரிணையின் தென்கரையையே சார்ந்திருந்தன. 1949-இல் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகமும், 1952-இல் கே.பி. பாஸ்கர் தொடங்கிய நடனப் பள்ளியும் அங்கே உறுதியாக நிலைபெற்றிருந்தன. வசதியுள்ள ஜொகூர் பாருக் குடும்பங்களுக்குக் கடவுச்சீட்டோடு பாலம் கடக்கும் தொலைவே தடையாக இருந்தது. 1981-இல் சுவாமி சாந்தானந்த சரசுவதி கோலாலம்பூரில் நிறுவிய நுண்கலைக் கோயில் பின்னர் ஜொகூர் பாருவிலும் கிளை பரப்பிய போதுதான் இந்நகர்க்கு நிலையான கலைப்பள்ளி கிடைத்தது. 1970-களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒழுங்குமுறையான இசைப் பயிற்சி எட்டாக்கனியாகவே இருந்தது. தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவும் கோயில் தேவார வகுப்புமே அவர்கள் பெற்ற இசைக் கல்வி.

தமிழ்நாட்டுத் திரையுலகம் அதே ஆண்டுகளில் நீரிணைப் பகுதியை ஆர்வத்தோடு திரும்பிப் பார்த்தது. 1973-இன் உலகம் சுற்றும் வாலிபன், 1978-இன் ப்ரியா, 1979-இன் நினைத்தாலே இனிக்கும் ஆகிய படங்கள் சிங்கப்பூரில் படமாக்கப்பட்டன; இவற்றுள் கடைசியாகக் குறிப்பிட்ட, கே. பாலசந்தர் இயக்கிய படத்தின் கதைமாந்தர்கள் சிங்கப்பூரில் கச்சேரி செய்ய வரும் மெல்லிசைக் குழுவினர். உயர்ந்த கட்டடங்களும் வண்ண விளக்குகளும் அப்படங்களில் இடம்பெற்றன. பாலத்துக்கு அப்பால், அப்படங்களின் பாடல்களை மனப்பாடம் செய்து மேடையேற்றிய தோட்டத்து மெல்லிசைக் குழுக்கள் திரையில் இடம்பெறவில்லை.

இவ்வளவு அருகருகே வாழ்ந்த மலாய்க் கஸலும் தமிழர் இசையும் தம்முள் ஏன் உரையாடவில்லை என்பதே இந்த ஆய்வின் மையமான வினா. இரண்டிலும் ஆர்மோனியமும் தபேலாவும் உண்டு. இரண்டும் இந்திய நாடக மேடையின் வழித்தோன்றல்களோடு தொடர்புடையவை. முந்தைய தலைமுறையில் உறவு இருந்தது: மலாய்த் திரைப்படங்களைத் தொடக்கத்தில் இயக்கியோரில் பலர் இந்தியர், பி. ரம்லியை 1950-இல் பக்தி என்னும் படத்தில் கதாநாயகனாக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். 1970-களில் அந்த உறவு மெலிந்ததற்கு மொழி ஒரு காரணம், வகுப்பு மற்றொன்று. கஸல் அரண்மனை சார்ந்த நகர்ப்புறத்தாரின் கலை, தமிழர் இசையோ தோட்டத் தொழிலாளரின் கலை. ஆனால் முதன்மைக் காரணம், பண்பாட்டை இனவாரியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலிபரப்பு நேரமும் விழா மேடையும் ஒதுக்கிய நிருவாக முறையே. அம்முறையில் தமிழர் இசைக்கு இடம் கிடைத்தது, அண்டை வீட்டார் கேட்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. தடையைக் கடந்தோர் தனிப்பட்ட ஆற்றலால் கடந்தனர்: பினாங்கில் 1969-இல் தொடங்கிய ஆலிகேட்ஸ் குழுவின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் பத்தாண்டின் இறுதியில் மலாய் மெல்லிசையின் உச்சியில் நின்றனர். அவர்கள் வென்றது மலாய்ப் பாடகர்களாக. தமிழிசையைக் கொண்டு அன்று.

அக்காலத்து ஜொகூர் பாருவின் மலாய் இசைக்கு இசைத்தட்டுகளும் வானொலிப் பதிவுகளும் பின்னாளில் மாநில மரபுடைமை நிறுவனமும் சான்றாக உள்ளன. சீன இசைக்குச் சங்கங்களின் ஆண்டு மலர்கள் உள்ளன. தமிழர் இசைக்குச் சான்றாக எஞ்சியிருப்பவை கோயில் திருவிழா அறிவிப்புகள், மெல்லிசைக் குழுக்களின் வீட்டுப் பதிவு நாடாக்கள், பள்ளி ஆண்டு விழா நிழற்படங்கள், அன்று வாசித்தவர்களின் நினைவு ஆகியவையே. ஒலிநாடாவின் காந்தப் பூச்சு உதிரத் தொடங்கிவிட்டது. அன்று இருபது வயதில் கிதார் பிடித்தவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். தோட்டக் கோயில் நிருவாகங்களும், ஜொகூரின் தமிழ்ப்பள்ளிகளும், அக்குழுக்களில் வாசித்தோரின் குடும்பங்களும் தம்மிடம் உள்ள நாடாக்களையும் அறிவிப்புகளையும் இப்போதே திரட்டி, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை போன்ற பொறுப்புள்ள கைகளில் சேர்ப்பிக்க வேண்டும். முதியோரின் குரலைப் பதிவுசெய்யும் பணியை இளைய ஆய்வாளர்கள் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.